கன்டெய்னருக்குள் கிட் மறுப்பது ஏன்?

வணக்கம். உங்கள் லினக்ஸ் கணினியில் ஒழுங்காக ஓடும் கிட் (Git, நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி), அதே கோப்புறையை டாக்கர் (Docker) கன்டெய்னருக்குள், அதாவது நிரல்களைத் தனியே பிரித்து இயக்கும் சூழலுக்குள், இணைத்ததும் ‘உரிமையில் சந்தேகம்’ என்று மறுப்பதாக எழுதியிருந்தீர்கள். கோப்புகள் எதுவும் கெடவில்லை, பயப்படாதீர்கள். வெளியே அவற்றின் உரிமையாளர் பெரும்பாலும் 1000 என்ற பயனர் எண். உள்ளே நீங்கள் 0, அதாவது நிர்வாகப் பயனரான ரூட். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து, வேறொருவருக்குச் சொந்தமான களஞ்சியத்தை (கிட் கண்காணிக்கும் கோப்புறையை) கிட் நம்புவதில்லை.

கிட்டின் சேஃப் டைரக்டரி (safe.directory) அமைப்பில் அந்தக் களஞ்சியத்தின் பாதையைச் சேர்த்தால் பிழைச்செய்தி போய்விடும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் அனுமதித்துவிட வேண்டாம். ஆனால் இது பாதித் தீர்வுதான். உள்ளே ரூட்டாகக் கமிட் செய்தால் (மாற்றங்களைப் பதிந்தால்), ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் களஞ்சியத்துக்குள் சேரும். பிறகு வெளியே கமிட் செய்யும்போது ‘அனுமதி இல்லை’ என்று நின்றுவிடும். அதனால் டாக்கர் ரன் (docker run) கட்டளையில் யூசர் (--user) என்ற தெரிவுக்கு உங்கள் பயனர் எண்ணையும் குழு எண்ணையும் கொடுத்து இயக்குங்கள். ஏற்கெனவே கைமாறிய கோப்புகளை வெளியிலிருந்து சுடோவுடன் (sudo, நிர்வாக அதிகாரத்துடன் இயக்குவது) சௌன் (chown, உரிமையாளரை மாற்றுவது) கட்டளை கொடுத்து மீட்டுக்கொள்ளலாம்.