பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டாம், தங்கச்சி

கேள்வி: அக்கா, என் ஊர் திருகோணமலை, உப்புவெளி. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் சிறப்புப் பட்டத்துக்குப் படிக்கிறேன், மூன்றாம் வருடம். வெளிநாட்டில் கடல் உயிரியலில் மேற்படிப்புப் படிக்க ஆசை. அப்பா கடற்தொழிலாளி, செலவழிக்கக் காசு இல்லை. "பெறுபேறு வரட்டும், பிறகு பார்ப்போம்" என்கிறார் அப்பா. சிநேகிதிகளோ உடனே ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை வகுப்பில் சேரச் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது?

பதில்: தங்கச்சி, இரண்டையும் இப்போது விடுங்கள். ஐஈஎல்டிஎஸ் புள்ளி இரண்டு வருடங்களுக்குத்தான் செல்லும். மூன்றாம் வருடத்தில் எழுதினால், நீங்கள் போய்ச் சேரவேண்டிய நேரத்தில் அது காலாவதியாகி, அந்தக் காசை இரண்டாம் தரமும் கட்ட வேண்டி வரலாம். பெறுபேறு வரட்டும் என்று இருந்தாலோ ஒரு முழு வருடம் போய்விடும். அமெரிக்காவில் ஓகஸ்ட் கடைசியில் தொடங்கும் படிப்புக்குப் பல பல்கலைக்கழகங்கள் முந்தைய டிசெம்பரிலேயே விண்ணப்பத்தை மூடிவிடும். பிரித்தானியாவின் பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்குப் பெரும்பாலும் ஒக்டோபர்தான் கடைசி. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் முதுமாணிப் படிப்புகள் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விண்ணப்பம் கேட்கும். இறுதி வருடத்தில் இருப்பவர்களும் அதுவரை எடுத்த புள்ளிகளைக் காட்டிப் பல இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது ஒரு வருடமும் சில மாதங்களும்தான்.

இந்தக் காலத்தில் முதலில் தேட வேண்டியது உங்களைத் தெரிந்த, பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடிய மூன்று ஆசிரியர்களை. பரீட்சையை இரண்டு மாதம் கண்விழித்துப் படித்து எழுதிவிடலாம். பரிந்துரைக் கடிதத்தை அப்படி வாங்க முடியாது. நான் பட்டு அறிந்தது இது. இறுதித் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு விரிவுரையாளரிடம் போய் நின்றேன். பாவம், மறுக்காமல் எழுதித் தந்தார்: நல்ல மாணவி, ஒழுங்காக வகுப்புக்கு வருபவர், நாலே வரி. நாலு வருடத்தில் ஒருநாளும் அவருடைய அறைக் கதவைத் தட்டாத என்னைப் பற்றி அவர் வேறு என்ன எழுதுவார்? அந்த வருடம் எனக்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை.

நம் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், சேர் மேடம் முன்னால் வாய் திறப்பதே மரியாதைக் குறைவு என்று நினைத்து ஒதுங்கி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும். பாடத்தில் விளங்காததைக் கேளுங்கள். விடுமுறையில் ஆய்வுகூடத்தில் ஏதாவது உதவி செய்யலாமா என்று கேளுங்கள். இந்தப் பிள்ளை தரவை எப்படிக் கையாள்கிறாள், பிழை வந்தால் என்ன செய்கிறாள் என்று ஒருவர் கண்ணால் கண்டிருந்தால்தான் அவருடைய கடிதத்துக்குப் பெறுமதி. இப்போது பெரும்பாலும் அந்தக் கடிதம் உங்கள் கைக்கே வராது. ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்புப் போகும், அவரே ஏற்றிவிடுவார். ஆகவே குறைந்தது ஒன்றரை மாதத்துக்கு முன் கேட்டு, திகதிகளையும் உங்கள் புள்ளிகளையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, நடுவில் ஒருதரம் பணிவாக ஞாபகப்படுத்துங்கள்.

அடுத்தது இறுதி வருட ஆய்வு. கடல் உயிரியல் என்றால் நமக்கு வாசலிலேயே கடல் இருக்கிறது. ஆனால் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கே ஆய்வு செய்ய வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அது நினைத்த நாளில் வராது. கார்த்திகையில் மாரி இறங்கினால் கடலுக்குள் இறங்கவும் முடியாது. தலைப்பை இந்த வருடமே மேற்பார்வையாளரோடு பேசி முடிவு செய்தால்தான் அடுத்த சோழகக் காற்றுக் காலத்தில் தரவு எடுக்கலாம். அனுமதி பிந்தினால் பூங்காவுக்கு வெளியே, உங்கள் அப்பாவின் கரைக்கு வரும் மீன்களைப் பற்றியே நல்ல ஆய்வு செய்யலாம்.

காசைப் பற்றி: அமெரிக்காவில் பல துறைகள் முதுமாணி இல்லாமலே கலாநிதிப் படிப்புக்கு எடுக்கின்றன. கற்பித்தலிலோ ஆய்விலோ உதவியாளராக இருந்தால் கட்டணமும் இல்லை, மாதம் உதவித்தொகையும் உண்டு. முதுமாணிக்கு அங்கே அப்படிக் கிடைப்பது அதைவிடக் குறைவு. பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்குப் பொதுவாக இரண்டாம் வகுப்பு மேல்நிலையாவது வேண்டும், அதனால் புள்ளியை விட்டுவிடாதீர்கள். பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசில் உங்களுக்கு இப்போதைக்குச் சரிவராது. இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி மின்னஞ்சல் எழுதுவதில் வெட்கமே வேண்டாம், பல இடங்களில் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்ஈ பரீட்சையைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை. நீங்கள் தெரிவு செய்யும் துறை கேட்கிறதா என்று பார்த்த பிறகு காசு கட்டுங்கள்.

அப்பாவோடு வாதாட வேண்டாம். மாரியில் வள்ளத்தைக் கரையேற்றி வைத்துக்கொண்டு அவர் ஏன் வலை பொத்துகிறார் என்று கேளுங்கள். நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள் என்று சொன்னால் அவருக்கு விளங்கும்.

ஐஈஎல்டிஎஸ் அடுத்த வருடம் ஜூன் ஜூலையில் எழுதினால் போதும். திங்கட்கிழமை வந்தாறுமூலைக்குப் போனதும் உங்களுக்குப் பிடித்த பாடத்தைப் படிப்பிக்கிற மேடத்தின் அறைக்குப் போய், அவர் இப்போது எதை ஆராய்கிறார் என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.