எந்த சேஃப்டி படிப்பு, எந்த வேலைக்கு?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஓசூர் சிப்காட்டிலிருந்து. மீதி பர்கூர், பாலக்கோடு, கிருஷ்ணகிரி. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் நாலு வருடமாக வேலை செய்கிறேன். நெபோஷ் முடித்தால் சேஃப்டி ஆபீசர் ஆகிவிடலாம் என்று ஒரு பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். சேரலாமா சார்?

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள் தம்பி. வேலை பார்க்கப் போவது ஓசூரிலா, துபாயிலா?

நெபோஷ், 1979-இல் பிரிட்டனில் தொடங்கிய தேர்வு வாரியம். வளைகுடாவில் ஆள் எடுப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குவார்கள். நல்ல படிப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர் ஆலையில் சட்டப்படி சேஃப்டி ஆபீசராக உட்கார அது மட்டும் போதாது. தமிழ்நாட்டின் 2005-ஆம் ஆண்டு விதிகள், மாநில அரசு அங்கீகரித்த தொழிலகப் பாதுகாப்புப் பட்டமோ பட்டயமோ கேட்கின்றன. அதோடு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் நிலையில் அனுபவம் வேண்டும்: பி.இ. என்றால் 2 வருடம், டிப்ளமோ என்றால் 5 வருடம். தொழிலாளர் பேசும் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். அது உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

உங்கள் நாலு வருடமும் மிஷின் ஆபரேட்டராகப் போயிருந்தால் அது இந்தக் கணக்கில் வராது. இதைத்தான் பயிற்சி மையங்கள் சொல்வதில்லை. முதலில் சூப்பர்வைசர் பொறுப்புக்கு மாற வழி பாருங்கள். அப்புறம் பட்டயம். சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் ஒரு வருட உயர் பட்டயம் இருக்கிறது. வேறு எங்கே சேர்ந்தாலும், அந்தப் படிப்புக்கு மாநில அங்கீகாரம் உண்டா என்று ஓசூரில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். விளம்பர நோட்டீஸை நம்ப வேண்டாம்.

வேலை வாய்ப்பைப் பொறுத்தவரை நல்ல நேரம்தான். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் பொதுவாக 1000 பேர் வேலை செய்யும் ஆலைக்குத்தான் சேஃப்டி ஆபீசர் கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 500 ஆக்கியிருக்கிறது. அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைக்கு 250.

பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். பாலக்கோட்டிலிருந்து போய் ஒரு ஆலையில் லைன் லீடராக இருக்கிறேன். பொறியியல் படிக்காதவர்கள் இதற்கு வர முடியுமா?

தாராளமாக வரலாம் அம்மா. இயற்பியல், வேதியியல் பட்டதாரிகளுக்கும் விதியில் இடம் உண்டு, 5 வருட மேற்பார்வை அனுபவத்தோடு. நீங்கள் பார்க்கும் வேலை அதுதான். ஆனால் அனுபவச் சான்றிதழில் “புரொடக்‌ஷன் அசோசியேட்” என்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எத்தனை பேரை, எந்தத் தேதியிலிருந்து மேற்பார்வை செய்கிறீர்கள் என்று எழுதி வாங்குங்கள். வேலையை விட்ட பிறகு எச்.ஆர். வாசலில் நின்று இதை வாங்குவது பெரும்பாடு.

பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் இருக்கிறேன். சேஃப்டி டிப்ளமோ படித்தால் குவாரியிலேயே பதவி உயர்வு கிடைக்குமா?

இதில் ரொம்பப் பேர் ஏமாறுகிறார்கள். கல்லைப் பாறையிலிருந்து எடுக்கும் இடம் சட்டத்தின் கண்ணில் சுரங்கம். அதே கல்லை அறுத்து பாலிஷ் போடும் பட்டறை தொழிற்சாலை. நடுவில் ஒரு ரோடுதான் இருக்கும், ஆனால் இரண்டுக்கும் அதிகாரிகள் வேறு, சான்றிதழும் வேறு. குவாரிக்குள் மேலே வர தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் மேட், பிளாஸ்டர் (வெடி வைப்பவர்), ஃபோர்மேன் சான்றிதழ்கள்தான் வழி. அறுக்கும் ஆலைக்கு மாறுகிற எண்ணம் இருந்தால் டிப்ளமோ உதவும்.

எதைப் படித்தாலும் சிலிக்கோசிஸ் (சிலிக்கா தூளால் வரும் நுரையீரல் நோய்) பாடத்தை மட்டும் பரீட்சைக்காகப் படிக்காதீர்கள். கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற சிலிக்கா இருக்கிறது. உலர்வாகத் துளையிட்டால் பறக்கும் தூளில் நுரையீரலைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத பொடி. மூக்கில் துண்டு கட்டினால் அது நிற்காது. வந்துவிட்டால் குணமாகாது. தண்ணீர் விட்டு அறுப்பது, தூளை உறிஞ்சி எடுப்பது, இதெல்லாம் முதலில், மாஸ்க் கடைசியில். பாடப் புத்தகத்தில் வரும் “கட்டுப்பாட்டுப் படிநிலை” இதுதான்: அபாயத்தை நீக்கு, மாற்று, தடுப்பு போடு, நடைமுறையை ஒழுங்கு செய், எல்லாம் முடிந்து மிச்சத்துக்குக் கவசம். நம் ஊரில் தலைகீழாகச் செய்வோம். ஹெல்மெட் கொடுத்தால் சேஃப்டி முடிந்தது!

சேஃப்டி பாடத்தில் வரும் விபத்து அதிர்வெண் விகிதக் கணக்கு எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

பத்து லட்சம் மணி நேர வேலைக்கு எத்தனை விபத்து என்பதுதான் அது. விபத்துகளின் எண்ணிக்கையைப் பத்து லட்சத்தால் பெருக்கி, மொத்த மனித மணி நேரத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 200 பேர், நாளுக்கு 8 மணி, 300 நாள்: 4,80,000 மணி நேரம். விபத்து 3 என்றால் விடை 6.25. தீவிர விகிதத்துக்கு மேலே விபத்துக்குப் பதில் இழந்த நாட்களைப் போடுங்கள். ஓவர்டைம் மணி நேரத்தைச் சேர்க்க மறப்பதில்தான் பாதிப் பேருக்கு மார்க் போகிறது.

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலையில் இருக்கிறேன். வெளிநாடு போக நெபோஷ் சேர்ந்துவிட்டேன். இங்கிலீஷ் பயமாக இருக்கிறது. ரிஸ்க் அசெஸ்மென்ட்டுக்கு எங்கள் ஆலை போதுமா?

போதுமாவா? உங்களுக்குக் கிடைத்த மாதிரி இடம் மற்றவர்களுக்குக் கிடைக்காது. நெபோஷின் இரண்டாம் பகுதியான இந்த அபாய மதிப்பீட்டில் குறைந்தது 5 வகைகளிலிருந்து 10 அபாயங்கள் காட்ட வேண்டும். சீசனில் உங்கள் ஆலையை ஒரு சுற்று சுற்றுங்கள். தோலும் சாறும் கொட்டி வழுக்கும் தரை, பாய்லரும் நீராவிக் குழாயும், கூழ் பிழியும் இயந்திரத்தின் சுழலும் பாகம், நாள் முழுக்கக் கூடை தூக்கும் முதுகு, இறங்கும் லாரி, சத்தம், குளிர்பதன அறை இருந்தால் அம்மோனியா, கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் வேலை. மூன்று மாதத்துக்கு மட்டும் வரும் பெண்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்? அதையும் எழுதுங்கள். “தரை வழுக்கும்” என்று விட்டுவிடாமல் எந்த இடம், யார் நடக்கிறார்கள், என்ன அடிபடும், யார் எந்தத் தேதிக்குள் சரி செய்வது என்று எழுத வேண்டும்.

இங்கிலீஷுக்கு வருவோம். முதல் தாள் திறந்த புத்தகத் தேர்வு. ஒரு பணியிடத்தில் நடந்ததைக் கதையாகக் கொடுத்து அதிலிருந்து கேட்பார்கள். 100-க்கு 45 எடுத்தால் பாஸ். புத்தகத்திலிருந்து பத்தி பத்தியாக எடுத்துப் போட்டால் மார்க் வராது. காப்பி என்று பிடித்தால் இன்னும் மோசம். கொடுத்த கதையில் வரும் ஆளையும் இயந்திரத்தையும் சொல்லி, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் போதும். தினம் ஷிப்ட் முடிந்ததும் அன்று பார்த்த ஒரு அபாயத்தைப் பற்றி ஐந்து வரி இங்கிலீஷில் எழுதிப் பழகுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு சேஃப்டி படிப்பு ஆறு மாதம், பரீட்சை கிடையாது, சர்டிபிகேட் வீட்டுக்கே வரும் என்கிறார்கள். பத்தாம் வகுப்பு போதுமாம்.

வீட்டுக்கு வரும். வேலை வராது.