பலகையில் 140, கறிக்கு 220: இது நியாயமா?

கேள்வி: என் சிறுவயதில் ஞாயிறு என்றால் ஆட்டுக்கறிதான். மாப்பிள்ளை வந்தால்தான் கோழி அடிப்பார்கள். இப்போது வாரம் இருமுறை கோழி, தீபாவளிக்குத்தான் ஆட்டுக்கறி. எப்படி இப்படித் தலைகீழானது? இன்னொன்று: கடைப் பலகையில் 'உயிர் எடை கிலோ 140' என்று எழுதிவிட்டு உரித்த கறிக்கு 220 வாங்குகிறார்கள். இது சரியா?

பதில்: பணக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 2 கிலோ உயிர்க்கோழி 280 ரூபாய். இறகு, தலை, கால், குடல் போனால் தோலோடு ஏறக்குறைய 1.4 கிலோ நிற்கும், தோலையும் உரித்தால் 1.3. 280ஐ 1.3ஆல் வகுத்துப் பாருங்கள், 215 வரும். அதனால் 220 நியாயமான விலைதான். 250 கேட்டால் தாராளமாகப் பேரம் பேசுங்கள். உயிர் எடைக்குக் காசு கொடுத்தீர்கள் என்றால் ஈரலும் கழுத்தும் உங்களுடையவை, கேட்டு வாங்குங்கள். வெட்டிக் கழுவிய கறியாக இருந்தால், தண்ணீர் வடிந்த பிறகு தராசில் வைக்கச் சொல்லுங்கள். பல்லடத்தில் தினமும் அறிவிக்கும் பண்ணை விலை நாளிதழ்களில் வருகிறது. அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. புரட்டாசியில் அந்த விலை பெரும்பாலும் இறங்கும்.

அப்புறம், கோழி ஏன் ஆட்டை முந்தியது? பிராய்லர் குஞ்சு நாற்பது நாளில் 2 கிலோ ஆகிவிடுகிறது. ஒரு கிலோ எடை ஏற 2 கிலோ தீவனம்கூடத் தேவையில்லை. ஆட்டுக்குட்டி கறிக்குத் தேற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், ஈத்துக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான், மேய்ச்சல் நிலமும் சுருங்கிவிட்டது. உடுமலை, பல்லடம் பக்கம் 1990களில் ஒப்பந்தப் பண்ணைகள் பெருகின. நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும். விவசாயி கொட்டகை போட்டு வளர்த்துக் கொடுத்து, எடைக்கு ஏற்ப வளர்ப்புக் கூலி வாங்கிக்கொள்வார். கோழி மலிவானது இப்படித்தான்.

'ஊசி போட்டு வளர்க்கிறார்கள்' என்ற பேச்சை நம்பாதீர்கள். அந்த வளர்ச்சி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனத்தாலும், மக்காச்சோளம், சோயாத் தீவனத்தாலும் வருவது. நாம் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் பற்றி. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கோலிஸ்டின் மருந்தைப் பண்ணைகளில் பயன்படுத்த மத்திய அரசு 2019இல் தடை போட்டது. அது மிக அவசியமான தடை.

மாப்பிள்ளைக்கு நாட்டுக்கோழிதான் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அது ஒன்றரைக் கிலோ வர ஐந்தாறு மாதம் ஆகும். பிராய்லர் விலைக்கே ஒருவர் 'நாட்டுக்கோழி' தருகிறார் என்றால், அது முட்டை இட்டு ஓய்ந்த பண்ணைக் கோழியாக இருக்கலாம். வாங்குமுன் கேளுங்கள்.