புற்றுக்காளானும் வெள்ளிக் காசும்: கேட்டவையும் சொன்னவையும்

இரண்டு மூன்று நாள் பின்னேரங்களில் இடி இடித்து மழை கொட்டிவிட்டால் போதும், என் ஃபோனுக்குக் காளான் படங்கள் வரத் தொடங்கிவிடும். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "சேர், இதைத் தின்னலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் களைத்துப்போய், இந்த முறை கேள்விகளை மொத்தமாக அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கி, பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. ஊவாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவன், இருபது வருடமாகக் காளான் பார்த்துத் திரிகிறவன்.

பசறை: எங்கள் அப்பாயி காளான் கொதிக்கும்போது வெள்ளிக் காசு ஒன்றைப் போடுவார். காசு கறுக்காவிட்டால் நல்ல காளான். பக்கத்து லயத்தில் மஞ்சளும் பூண்டும் போட்டுப் பார்ப்பார்கள். எது சரி?

மூன்றும் சரியில்லை தங்கச்சி. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அவித்த முட்டை தின்ற வெள்ளிக் கரண்டியும்தான் கறுக்கும், அதற்காக முட்டை விஷமாகிவிடுமா? ஆளைக் கொல்கிற காளானோடு கொதித்தாலும் காசு பளபளவென்றே இருக்கும். புழு அரித்திருந்தால் தின்னலாம் என்பதும் இதே கதைதான். நத்தைக்கும் புழுவுக்கும் ஒத்துக்கொள்கிற விஷம் நம் ஈரலுக்கு ஒத்துக்கொள்ளாது.

அப்படியானால் அப்பாயிக்கு ஏன் ஒருநாளும் ஒன்றும் ஆகவில்லை? என் அப்பாயியும் காசு போட்டவர்தான். ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே இருந்த ஒரே ஒரு புற்றில் மட்டும்தான் பிடுங்குவார். வழியில் அழகழகாக எத்தனையோ முளைத்திருக்கும், திரும்பியும் பார்க்க மாட்டார். "இதை ஏன் எடுக்கலை?" என்று கேட்டால், "அது நமக்குப் பழக்கமில்லை" என்பார். அந்தப் பழக்கம்தான் அவரைக் காப்பாற்றியது. நாமோ பழக்கத்தை விட்டுவிட்டுக் காசைப் பிடித்துக்கொண்டோம்.

ஹாலிஎல: சரி, அந்தப் புற்றுக்காளானை நிச்சயமாக அடையாளம் காண்பது எப்படி?

ஆளை அடையாளம் காண்கிற மாதிரி, முகத்தை மட்டும் பார்க்காமல் உச்சி முதல் பாதம் வரை பார்க்க வேண்டும். தொப்பியின் நடுவில் மொட்டு மாதிரி ஒரு முனை, பெரும்பாலும் மற்ற இடத்தைவிடக் கறுப்பாக இருக்கும். மண்ணைத் துளைத்துக்கொண்டு வருவது அந்த முனைதான். தொப்பிக்கு அடியில் புத்தகத் தாள் மாதிரி நெருங்கிய மடிப்புகள் உண்டு. அவை தண்டைத் தொடாமல் சற்று முன்னாலேயே நின்றுவிடும்.

அடுத்தது வேர். இதுதான் முக்கியம், இதைத்தான் ஒருவரும் பார்ப்பதில்லை. தண்டைப் பிடித்து இழுத்தால் 'டொப்' என்று அறுந்து கையோடு வந்துவிடும், பாதி அடையாளம் மண்ணுக்குள்ளேயே போய்விடும். ஒரு கரண்டியால் சுற்றி மண்ணை எடுத்துக்கொண்டே இறங்குங்கள். தண்டு மெலிந்து மெலிந்து ஒரு கயிறு மாதிரி கீழே போகும். ஒரு தடவை முழங்கை ஆழம் தோண்டியும் முடியவில்லை. அந்தக் கயிறு கறையான் கூட்டுக்குள் போய்ச் சேர்கிறது. அங்கே கடற்பஞ்சு மாதிரி ஒரு அடை இருக்கும். கறையான் மென்று கழித்த மரத்தூளும் சருகும்தான் அது. அதில் பூஞ்சையை வளர்த்துத் தின்கின்றன. நாம் தின்கிற காளான் அந்தத் தோட்டத்தின் பூ. 1905இல் பேராதனைக்கு வந்த தோமஸ் பெட்ச் என்ற வெள்ளைக்காரர் மறு வருடமே இந்தக் கறையான் தோட்டங்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். பிற்பாடு தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளரானவரும் அவர்தான். பயிர் நோய் பார்க்க வந்த மனிதர் புற்றுக்குள் தலையை விட்டிருக்கிறார், எனக்கு அவரைப் பிடிக்கும்.

கடைசியாக வித்திப் பதிவு, அதாவது காளான் விதை மாதிரி உதிர்க்கிற பொடியின் நிறம் பார்ப்பது. தண்டை வெட்டி எறிந்துவிட்டு, தொப்பியைப் பாதி வெள்ளைத் தாளிலும் பாதி கறுப்புத் தாளிலும் படும்படி கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தால் மூடி இராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தொப்பியைத் தூக்கினால், மடிப்பு மடிப்பாகக் கோடு போட்ட மாதிரி ஒரு பொடி படிந்திருக்கும். புற்றுக்காளானுக்கு அது இளஞ்சிவப்புக் கலந்த வெண்மை. வெள்ளை வெளேரென்றோ பச்சையாகவோ இருந்தால் குப்பையில் போடுங்கள்.

இளஞ்சிவப்பு என்றால் போதுமா என்றால், போதாது. வயிற்றைப் புரட்டி எடுக்கிற வேறொரு கூட்டத்துக்கும் இளஞ்சிவப்புப் பொடிதான். அவற்றின் மடிப்பு பெரும்பாலும் தண்டோடு ஒட்டியிருக்கும், அடியில் கயிறும் கிடையாது. முனை, மடிப்பு, கயிறு, பொடி ஆகிய நாலும் ஒத்து வர வேண்டும். மூன்று சரி, ஒன்று சந்தேகம் என்றால் அன்றைக்குப் பருப்புக் கறி.

புற்றை இடித்துவிடாதீர்கள். கூடு உயிரோடு இருந்தால் அடுத்த மழைக்கும் அதே இடத்தில் வரும்.

கொட்டகலை: ஃபோனில் ஒரு ஆப் இருக்கிறது, படம் எடுத்ததும் பெயர் சொல்கிறது. நம்பலாமா?

பெயர் தெரிந்துகொள்ள நல்ல விளையாட்டு. சாப்பாட்டுக்கு வேண்டாம். படத்தில் மண்ணுக்குள் இருப்பது தெரியாது, வித்தியின் நிறம் தெரியாது, மணமும் தெரியாது. இதே காரணத்துக்காகத்தான் நீங்கள் அனுப்புகிற படத்தைப் பார்த்து நானும் "தின்னலாம்" என்று சொல்வதில்லை. கோபிக்காதீர்கள் அண்ணே.

ஹட்டன்: பாடசாலை மைதானத்தில் மழைக்குப் பிறகு பெரிய வெள்ளைக் குடை மாதிரி வட்டமாக முளைக்கிறது. பார்க்கவே ஆசையாக இருக்கிறது.

அந்த ஆசையில்தான் நானும் விழுந்தேன். பல வருடத்துக்கு முன், காளான் தெரியும் என்று கொஞ்சம் தலைக்கனம் வந்திருந்த காலம். புல்தரையில் ஏழெட்டுக் குடை, தொப்பியில் மண்நிறச் செதில், தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். படத்தில் பார்த்த ஒரு நல்ல காளானைப் போலவே இருந்தது. மடிப்பும் வெள்ளையாகத்தான் இருந்தது. வித்திப் பதிவு எடுக்கப் பொறுமை இல்லை. தேங்காய்ப் பால் விட்டுச் சமைத்து, ரொட்டியோடு சாப்பிட்டேன், ருசியில் ஒரு குறையும் இல்லை. இரண்டு மணித்தியாலம் போயிருக்கும், வாந்தி தொடங்கியது. விடியும் வரை நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சமைக்காத காளான் மிச்சம் இருக்கிறதா?" எல்லாவற்றையும் சட்டியில் போட்டிருந்தேன், எதைக் காட்டுவது?

மறுபடி அதே இடத்தில் முளைத்தபோது ஒன்றைப் பிடுங்கித் தாளில் கவிழ்த்து வைத்தேன். காலையில் பார்த்தால் பாசி நிறத்தில் பச்சைப் பொடி. குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ் என்பது அதன் பெயர். வெப்ப நாடுகளின் புல்தரை எங்கும் வரும். இளசில் மடிப்பு வெள்ளை, முற்றினால்தான் பச்சை தட்டும். அதுதான் ஏமாற்று வேலை. பொதுவாக ஆளைக் கொல்லாது, ஆனால் அந்த ஒரு இரவு எனக்குப் போதும்.

பண்டாரவளை: நாலு வயதுப் பிள்ளை விஷக் காளானைத் தொட்டுவிட்டான். பயமாக இருக்கிறது.

தொட்டால் ஒன்றுமில்லை அம்மா. வயிற்றுக்குள் போனால்தான் விஷம். கையைக் கழுவிவிடுங்கள், வாயில் வைத்தானா என்று மட்டும் நன்றாக விசாரியுங்கள்.

மாத்தளை: மகன் மெல்போர்னில் இருக்கிறான். பூங்காவில் நம்மூர் வைக்கோல் காளான் மாதிரியே இருந்தது என்று படம் அனுப்பினான்.

இந்தப் பந்தியை அப்படியே அவனுக்கு அனுப்பிவிடுங்கள். வைக்கோல் காளான் இளசில் முட்டை மாதிரி ஒரு உறைக்குள் இருக்கும். அமனிட்டா என்ற கொலைகாரக் கூட்டமும் முட்டை உறையிலிருந்துதான் வெளியே வரும். அந்தப் பருவத்தில் இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது நடக்காத காரியம். ஐரோப்பிய ஓக் மரங்களோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது அதில் ஒரு இனம். கான்பராவில் 2011 டிசம்பர் 31 இரவு விருந்தில் அதைச் சாப்பிட்டு இரண்டு பேர் இறந்தார்கள். ஆசிய நாடுகளிலிருந்து போனவர்கள் 'ஊர்க் காளான்' என்று நம்பிப் பிடுங்குவது அங்கே பலமுறை நடந்திருக்கிறது. ஊரில் கற்றது ஊரில்தான் செல்லும். நம் நாட்டிலும் அமனிட்டா இனங்கள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அடியில் உறை, தண்டில் வளையம், வெள்ளை மடிப்பு மூன்றும் ஒன்றாகக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். வளையம் சில இனங்களில் இருக்காது, உறை மண்ணோடு போய்விடும். அதனால்தான் தோண்டச் சொல்கிறேன்.

நுவரெலியா: ஹோர்ட்டன் சமவெளியில் எடுக்கலாமா?

கூடாது. 1988இலிருந்து அது தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு இலையைக்கூடக் கொண்டுவரக் கூடாது. ஹக்கல காட்டுக்கும் அப்படித்தான். படம் எடுங்கள், அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ கொண்டு போங்கள்.

தலவாக்கலை: கொழுந்து பறிக்கும்போது தேயிலைக்கு அடியில் நிறைய முளைத்திருக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையில் இன்னும் அதிகம்.

வெட்டிய கொப்புகள் கிடந்து உக்குகிற இடமல்லவா, முளைக்கத்தான் செய்யும் அக்கா. ஆனால் தேயிலை மலையில் உரம் போடுவார்கள், புல்லுக்கு மருந்து அடிப்பார்கள். மண்ணில் இருப்பதைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்வது காளானின் குணம். இனம் நல்லதாக இருந்தாலும் இடம் நல்லதில்லை. அப்புறம், காளானுக்காகக் குனிந்துகொண்டே போகிறவர்கள் தலைக்கு மேல் இருக்கிற குளவிக் கூட்டைக் காண்பதில்லை. அது காளானைவிட அவசரமான ஆபத்து.

மடுல்சீமை: சிங்கள நண்பர் ஒருவர் 'லேன ஹத்து' என்று கொண்டுவந்து தந்தார். பல்லி முட்டை அளவுதான், தோல் மாதிரி இழுபடுகிறது. இது உணவா?

உணவுதான். லேனா என்றால் அணில். பட்ட மரத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும், மேலே சாம்பல் நிறத்தில் மயிர், விசிறி மாதிரி வடிவம். பின்பக்கம் உற்றுப் பாருங்கள், ஒவ்வொரு மடிப்பும் நடுவில் நீளமாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவு இதற்கே உரிய அடையாளம், அதனால் புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதையும் மரத்தில் காது மாதிரி தொங்குகிற கூழ்க் காளானையும்தான் முதலில் காட்டுவேன். இளசாகப் பார்த்து எடுத்து, நன்றாக அவித்து, பிறகு தாளிக்க வேண்டும். இழுபடத்தான் செய்யும், அதுதான் அதன் ருசி என்கிறார்கள். எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை.

லுணுகல: தப்பித் தவறிச் சாப்பிட்டுவிட்டால் என்ன செய்வது?

சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால், பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். என் கதை அதுதான். ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு, சில நேரம் மறுநாள்தான் தொடங்குகிற வயிற்றோட்டம்தான் பொல்லாதது. அது அமனிட்டா விஷமாக இருக்கலாம். ஒரு நாள் போட்டு வாட்டும், பிறகு தானாக நின்றுவிடும். "சுகமாகிவிட்டது" என்று ஆள் எழுந்து வேலைக்குக்கூடப் போய்விடுவார். உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாலாம் நாள் கண் மஞ்சளாகும்போது காலம் கடந்திருக்கும். கொதிக்க வைத்தாலும் காய வைத்தாலும் இந்த விஷம் போகாது.

ஆகவே, வாந்தி எப்போது தொடங்கினாலும் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். லயத்துக்கு வண்டி வர முடியாத பாதை என்றால் ஆளைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வாருங்கள். புளித்தண்ணி, மோர் என்று வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்த வேண்டாம். சாப்பிட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டியில் மிச்சம், குப்பையில் கிடக்கிற துண்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். கூடச் சாப்பிட்டவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் கூட்டிப் போங்கள். கொழும்பு தேசிய ஆஸ்பத்திரியில் நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, டாக்டர்கள் அவர்களோடு பேசிக்கொள்வார்கள்.

நான் அந்த இரவுக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எதைச் சமைத்தாலும் ஒரு முழுக் காளானைக் கடதாசியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைப்பேன். இரண்டு நாள் கழித்துத்தான் எறிவேன். வீட்டுக்காரி திட்டுவார்.

பெயரோடு ஊரையும் மறைக்கச் சொன்ன ஒருவர்: காளான் கறிக்குச் சாராயம் சேருமா?

மைக்காளான் கூட்டத்தில் ஒரு இனம் உண்டு, தனியாகத் தின்றால் ஒன்றும் செய்யாது. கூடவோ அடுத்த இரண்டு மூன்று நாளிலோ குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்க வைக்கும். உங்கள் வீட்டில் இதைப் படிக்கிறவர்களுக்கு இந்தத் தகவல் பயன்படலாம்.

வெலிமடை: இவ்வளவு பயம் எதற்கு, வீட்டிலேயே வளர்க்க முடியாதா?

சிப்பிக் காளானைத் தாராளமாக வளர்க்கலாம். ரப்பர் மரத்தூளும் தவிடும் அடைத்த பைகள் வாங்கக் கிடைக்கும், நேர் வெயில் படாத, ஈரமான ஒரு மூலை போதும். புற்றுக்காளானை மட்டும் பையில் வளர்த்து விற்கிற வித்தை மனிதனுக்கு இன்னும் கைவரவில்லை. அதற்குக் கறையானிடம்தான் போக வேண்டும்.

பதுளை: சேர், நீங்கள் எடுக்கிற புற்று எங்கே இருக்கிறது?

நமுனுகுல பக்கம். நமுனுகுல பெரிய மலை தம்பி.