ஆஸ்திரேலியாவில் 1,400 கிலோ கேம்பர் டிரெய்லரை இழுக்க எந்த ஹிட்ச் (காரையும் டிரெய்லரையும் இணைக்கும் அமைப்பு) வாங்குவது?

கடைக்குப் போகும் முன் இரண்டு எடைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு டிரெய்லரின் மொத்த எடை. 80 லிட்டர் தொட்டி நிரம்பினாலே 80 கிலோ கூடிவிடும்! இரண்டாவது, கப்ளிங் (டிரெய்லரின் முன்முனையில் இருக்கும் இணைப்பு) வழியாக டோ பால் (காரின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டை) மேல் இறங்கும் எடை. இது மொத்தத்தில் சுமார் 10 சதவீதம், உங்களுக்கு 140 கிலோ அளவில் இருப்பது நல்லது. ரொம்பக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். அது உயிருக்கே ஆபத்து. சமதரையில் நிறுத்தி, கப்ளிங்குக்கு அடியில் கட்டையை முட்டுக்கொடுத்து, எடை மெஷின் மேல் இறக்கிப் பாருங்கள்.

கார், டோ பார் (டோ பாலைத் தாங்க காரின் பின்னால் பொருத்தும் சட்டம்), டோ பால், கப்ளிங் ஒவ்வொன்றிலும் தாங்கும் எடை குறிக்கப்பட்டிருக்கும். இருப்பதில் எது குறைவோ, அதுதான் உங்கள் எல்லை. டோ பார் 2,500 கிலோ தாங்கும் என்பதால் கார் தாங்கிவிடாது.

தார்ச்சாலையிலேயே போவீர்கள் என்றால் ஆஸ்திரேலியாவில் வழக்கமான 50 மி.மீ. டோ பால் போதும், வீண்செலவு வேண்டாம். மண்பாதை, ஓடை என்று இறங்குவீர்கள் என்றால் கதை வேறு. காரின் ஒரு சக்கரம் பள்ளத்திலும் டிரெய்லர் மேட்டிலும் இருக்கும்போது சாதாரண கப்ளிங் ஓரளவுக்குத்தான் திரும்பும். அதற்கு மேல் முறுக்கிக்கொள்ளும். அங்கே டிஓ35 போன்ற முழுச்சுற்று சுழலும் கப்ளிங்கைத்தான் நான் சொல்வேன்.

750 கிலோவைத் தாண்டியதால் உங்கள் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளிங் கழன்றாலும் டிரெய்லரின் முன்னால் நீளும் இழுகம்பி தரையில் குத்தாது.