5 லட்சம் வாக்கு, 3 பிரதிநிதி

வணக்கம் சார்,

டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறேன். சென்ற ஆண்டுதான் குடியுரிமை கிடைத்தது. மனைவிக்கு இன்னும் கிரீன் கார்டுதான். 2028இல் முதல்முறையாக அதிபர் பிரைமரியில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், வாக்களிக்கப் போகிறேன். என் சாய்வு வலதுசாரிப் பக்கம். வரி குறைவாக இருக்க வேண்டும், அரசு வீட்டுக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது, வரிசையில் நின்று முறைப்படி வந்தவனுக்கு மதிப்பு வேண்டும். மனதுக்குப் பிடித்தவருக்குப் போடுவதா, நவம்பர் பொதுத் தேர்தலில் ஜெயிக்கக்கூடியவருக்கா? பெயரில் நம்மூர் வாசனை உள்ளவர் நின்றால் அவருக்கா? டெக்சஸின் முறை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், போவதே வீண் என்கிறார் அலுவலக நண்பர்.

சு., பிளேனோ, டெக்சஸ்

அன்புள்ள சு.,

நண்பரின் பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது சரியென்றால் மற்ற கேள்விகளுக்கே இடமில்லை. 2016இல் டெக்சஸ் வாக்களித்தது மார்ச் 1 அன்று. அதற்கு முன் குடியரசுக் கட்சியில் வாக்களித்து முடித்தவை நான்கே மாநிலங்கள்: அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், தென் கரோலினா, நெவாடா. டிரம்ப், குரூஸ், ரூபியோ, கேசிக், கார்சன் என ஐந்து பேர் அன்று களத்தில் இருந்தார்கள். 2024இல் மார்ச் 5. காற்று ஒரு பக்கமாக வீசியது உண்மைதான், ஆனாலும் டிரம்ப்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலி விலகியது மறுநாள். டெக்சஸ் கடைசிப் பந்தியில் உட்காரும் மாநிலம் அல்ல.

வாக்கு வீணாவது வேறு இடத்தில். நீங்கள் நேரடியாக வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில்லை, கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளைப் பங்கிடுகிறீர்கள். 2016இல் மொத்தம் 2,472 பிரதிநிதிகள், வெற்றிக்கு 1,237 வேண்டும். அதில் டெக்சஸின் பங்கு 155. ரூபியோ டெக்சஸில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு, அதாவது 17.7 விழுக்காடு வாங்கினார். கிடைத்த பிரதிநிதிகள் 3. குரூஸுக்கு 104, டிரம்ப்புக்கு 48. காரணம் 20 விழுக்காடு என்கிற வாசற்படி. மாநில அளவில் அதைத் தாண்டாதவருக்கு மாநிலப் பங்கில் ஒன்றும் கிடையாது. அவருடைய அந்த மூன்றும் தொகுதிகளில் இரண்டாம் இடம் பிடித்ததால் வந்தவை.

தொகுதிக் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். காங்கிரஸ் தொகுதி ஒவ்வொன்றுக்கும் 3 பிரதிநிதிகள். அன்று 36 தொகுதிகள், ஆக 108. ஒருவர் தொகுதியில் பாதிக்கு மேல் வாங்கினால் மூன்றும் அவருக்கே. இல்லையென்றால் முதலாமவருக்கு 2, இரண்டாமவருக்கு 1. அந்தத் தொகுதியில் குடியரசுக் கட்சிக்காரர்கள் எத்தனை பேர் என்பது கணக்கிலேயே வராது. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான டாலஸ் நகரத் தொகுதியிலும் மூன்றுதான், அந்தக் கட்சிக்கு ஆளே தேறாத மேற்கு டெக்சஸ் கிராமப்புறத் தொகுதியிலும் மூன்றுதான். எனவே நகரத் தொகுதியில் விழும் வலதுசாரி வாக்குக்குப் பல மடங்கு எடை. பிரசாரக் குழுக்களுக்கு இது நன்றாகத் தெரியும், வாக்காளர்களில் பலருக்குத் தெரியாது. உங்கள் வீடு எந்தத் தொகுதியில் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, பழைய எண்ணை நம்ப வேண்டாம்.

இதெல்லாம் ஒவ்வொரு தேர்தலுக்கும் மாறக்கூடியது. மாநிலக் கட்சிகள் தங்கள் பங்கீட்டு விதியை வழக்கமாக முந்தைய ஆண்டு அக்டோபர் 1க்குள் கட்சியின் தேசியக் குழுவிடம் கொடுத்துவிடும். அதன் பிறகு டெக்சஸ் விதியில் இரண்டு எண்களை மட்டும் தேடுங்கள்: வாசற்படி எவ்வளவு, முழுவதையும் அள்ளும் கோடு எவ்வளவு. பிறகு பிப்ரவரிக் கடைசியில் வரும் டெக்சஸ் கருத்துக்கணிப்புகளைப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்தவர் 18இல் நின்றால் உங்கள் வாக்கு அவரை உள்ளே தள்ளக்கூடும், தயங்காமல் போடுங்கள். 8இல் நின்றால் பிரதிநிதி வராது. அப்போதும் ஒரு பயன் உண்டு: முன்னணியில் இருப்பவர் 49இல் இருந்தால், வேறு யாருக்கு விழும் வாக்கும் அவரைப் பாதிக்குக் கீழே நிறுத்த உதவும்.

அவசரப்பட்டு முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள். 2016இல் டெக்சஸில் முன்கூட்டிய வாக்குப்பதிவு பிப்ரவரி 16இல் தொடங்கியது. வேட்பாளர்களில் ஒருவரான ஜெப் புஷ் 20ஆம் தேதி இரவு, தென் கரோலினா முடிவைப் பார்த்துவிட்டு விலகினார். அச்சடித்த பெயரை எடுக்க முடியாது. டெக்சஸில் அவருக்கு 35,000க்கும் மேல் வாக்குகள் விழுந்தன. அவரை ஆதரித்த சூப்பர் பேக் எனப்படும் பிரசார நிதி அமைப்பு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருந்தது, மொத்தம் கிடைத்த பிரதிநிதிகள் 4. பணத்தைப் பார்த்து பலத்தை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் மையக் கேள்வி. வலதுசாரிப் பத்திரிகையாளர் வில்லியம் பக்லி பெயரால் வலதுசாரிகள் சொல்லிவரும் விதி ஒன்று உண்டு: வெல்லக்கூடியவர்களில் மிக வலதுபக்கம் நிற்பவரை ஆதரி. நான் ஏற்கும் விதி அதுதான். ஆனால் 'வெல்லக்கூடியவர்' யார் என்பதைத் தொலைக்காட்சி விவாதம் தீர்மானிக்க விடாதீர்கள். 1964இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர் 44 மாநிலங்களில் தோற்றார். அவருக்காக அந்த ஆண்டு மேடையேறிப் பேசிய ரீகன், ஏறக்குறைய அதே கொள்கைகளோடு 1980இல் நின்று 44 மாநிலங்களில் வென்றார். கொள்கை மாறவில்லை, எதிராளியும் விலைவாசியும் காலமும் மாறின.

மார்ச்சில் வெல்வதும் நவம்பரில் வெல்வதும் வேறு வேறு திறமைகள். டிசாண்டிஸ் 2018இல் புளோரிடாவில் அரை விழுக்காடுகூட இல்லாத வித்தியாசத்தில் ஆளுநரானவர், 2022இல் 19 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். நவம்பருக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் 2024 அயோவாவில் அவருக்கு 21 விழுக்காடு, டிரம்ப்புக்கு 51. கட்சிக்காரர்கள் வேறொன்றைத் தேடினார்கள்.

ஆகவே நான் பேச்சை விட்டு, பதவியில் இருந்தபோது செய்ததைப் பார்க்கச் சொல்வேன். முன்னாள் ஆளுநர் என்றால், 'பட்ஜெட்டில் பற்றாக்குறை வைக்கவில்லை' என்கிற பெருமையை ஒதுக்கிவிடுங்கள். வெர்மாண்ட் தவிர ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் அது சட்டக் கட்டாயம், சாதனை அல்ல. அவர் காலத்தில் மாநிலச் செலவு மக்கள்தொகையையும் விலைவாசியையும் விட வேகமாக வளர்ந்ததா, தன் கட்சிச் சட்டமன்றம் அனுப்பிய மசோதாக்களில் எதையாவது வீட்டோ செய்தாரா என்று பாருங்கள். சொந்தக் கட்சிக்கு 'இல்லை' சொன்ன வீட்டோ ஒன்று, நூறு மேடைப் பேச்சைவிட ஆளைக் காட்டிக்கொடுக்கும். செனட்டர் என்றால் அரசின் கடன் உச்சவரம்பு, செலவு மசோதாக்களில் அவர் எப்படி வாக்களித்தார் என்று பாருங்கள்.

நீதிபதி நியமனம் எல்லாவற்றையும்விட நீண்டு நிற்பது. 1990இல் அதிபர் மூத்த புஷ் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்த டேவிட் சூட்டர், வலதுசாரிகள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக 19 ஆண்டுகள் தீர்ப்பெழுதினார். அந்தச் சூட்டின் தழும்பு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் 2016 மே மாதம் டிரம்ப் 11 நீதிபதிகளின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது அவரை நம்பாதவர்களையும் அசைத்தது. உங்கள் வேட்பாளரிடம் பெயர்கள் இருக்கின்றனவா, 'நல்ல நீதிபதிகள்' என்கிற சொல் மட்டும் இருக்கிறதா?

நம்மவர் விஷயம். 2024இல் விவேக் ராமசாமி நின்றார், கேரளத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. மனம் குளிர்வதில் தப்பில்லை. ஆனால் அவர் சொன்னவற்றைப் பாருங்கள்: எச்-1பி வேலை விசாவின் குலுக்கல் முறையை ஒழிப்பது, குடிமையியல் தேர்விலோ நாட்டுச் சேவையிலோ தேறாதவர்களுக்கு வாக்குரிமை வயதை 25 ஆக்குவது. இரண்டாவதற்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, மாநிலங்களில் நான்கில் மூன்று. அதில் அதிபரின் கையெழுத்துக்கு வேலையே இல்லை. எந்த வாக்குறுதியையும் இப்படிப் பிரியுங்கள்: அதிபர் தனியாகச் செய்யக்கூடியது எது, காங்கிரஸ் வேண்டியது எது, மாநிலங்கள் வேண்டியது எது. அதே வாக்குறுதியை வேறு பெயர்க்காரர் தந்தால் போடுவீர்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் அயோவாவில் 7.7 விழுக்காடு பெற்று அன்றிரவே விலகினார். மார்ச்சில் டெக்சஸ் வாக்குச்சீட்டில் பெயர் அப்படியே இருந்தது.

அன்றைய நாளுக்கு. டெக்சஸில் இதுவரை கட்சிப் பதிவு கிடையாது, சாவடியில் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று சொன்னால் போதும். ஆனால் மாநிலக் குடியரசுக் கட்சி பிரைமரியைத் தன் ஆதரவாளர்களுக்கு மட்டும் என்று மூட முயல்கிறது, 2027 இறுதியில் விதியைப் பார்த்துவிடுங்கள். வாக்காளர் பதிவு தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடிந்துவிடும். ஓட்டுநர் உரிமமோ பாஸ்போர்ட்டோ எடுத்துப் போங்கள். வாக்கு எந்திரத்திலிருந்து 100 அடிக்குள் செல்போன் பயன்படுத்தக் கூடாது, எனவே தேர்வுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் அவசியம், ஏனென்றால் அதிபர் பெயர் முதல் வரி மட்டுமே. கீழே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள், மாவட்ட நீதிபதிகள், ரயில்வே ஆணையர் என்று நீளும். அந்த ஆணையம் ரயிலைப் பார்ப்பதில்லை, எண்ணெயையும் எரிவாயுவையும் பார்க்கிறது. வரி குறைய வேண்டும், அரசு ஒதுங்க வேண்டும் என்கிறவருக்கு இந்தக் கீழ்வரிகள்தான் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவை.

மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கிரீன் கார்டு உள்ளவர் பிரைமரியிலும் வாக்களிக்கக் கூடாது. ஓட்டுநர் உரிம அலுவலகப் படிவத்தில் வாக்காளராகப் பதிய விருப்பமா என்கிற கேள்வி வரும். அவசரத்தில் 'ஆம்' என்று குறித்த ஒரு கட்டம் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தையே சிக்கலில் மாட்டிவிடும்.

அதிபர் பிரைமரிக்கு மறுசுற்று கிடையாது. மற்ற பதவிகளுக்குப் பாதிக்கு மேல் யாரும் பெறாவிட்டால் மே மாதக் கடைசியில் மறுசுற்று. மார்ச்சில் வாங்கிய கட்சிச் சீட்டையே மேயிலும் வாங்க முடியும், மாற முடியாது. அப்போது வரிசையே இருக்காது, சில நூறு வாக்கில் முடிவாகும் பதவிகள் இருக்கும். அந்தத் தேதியையும் இப்போதே குறித்துவையுங்கள்.

அன்புடன்