பணிப்பெண் வேடத்துக்கு மல்மல் போதும்

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "1789 பாரிஸில் நடக்கும் கல்லூரி நாடகத்தில் என் மகளுக்குப் பணிப்பெண் வேடம். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி போட வேண்டுமாம். லேஸ் வைத்த நெட் துப்பட்டா இருக்கிறது, அதைப் போடலாமா? நடிக்கும்போது நழுவாமல் இருக்க என்ன செய்வது?"

துப்பட்டா வேண்டாம். அந்தத் துணிக்கு ஃபிஷு என்று பெயர். கழுத்து இறக்கமான கவுனில் தோளையும் மார்பையும் மூடுவதற்காகப் போடுவது. சீமாட்டி முதல் சமையல்காரி வரை எல்லோரும் போட்டார்கள். யார் எந்த நிலையில் இருப்பவர் என்பது துணியில் தெரிந்துவிடும். வசதியானவர்களுக்கு ஊடே தெரியும் மெல்லிய பட்டு, பூவேலை செய்த மஸ்லின். வேலைக்காரப் பெண்களுக்குச் சாதாரண லினன் அல்லது பருத்தி, பல சமயம் கட்டம் போட்டது. லேஸோடு மேடையேறினால் உங்கள் மகள் எஜமானியம்மாவாகத்தான் தெரிவாள்.

மங்கள்தாஸ் மார்க்கெட்டில் வெள்ளை மல்மல் வாங்குங்கள், கொஞ்சம் கனமான ரகமாக. மல்மலும் மஸ்லின் வகைப் பருத்தித் துணிதான். அன்றைய ஐரோப்பாவுக்கு உயர்ந்த மஸ்லின் போனதே வங்காளத்திலிருந்துதான், அதனால் வேறு எதையும் தேடி அலைய வேண்டாம். 44 அங்குல அகலத்தில் ஒன்றேகால் மீட்டர் போதும். முதலில் நனைத்துக் காயவையுங்கள். சுருங்க வேண்டியது சுருங்கட்டும், பிறகு 40 அங்குலச் சதுரமாக வெட்டலாம். ஓரத்துக்குப் பீக்கோ அடித்தால் அந்தக் காலத் தோற்றமே போய்விடும். பொறுமையாகக் கையால் சுருட்டித் தையுங்கள். அப்புறம் நீர்க்கக் கரைத்த வடிகஞ்சியில் முக்கி, ஈரம் முழுசாகப் போகும் முன் இஸ்திரி போடுங்கள். மொடமொடப்பு வேண்டாம், மடிப்பு நின்றால் சரி.

மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, நடுமுனை முதுகில் தொங்கும்படி போட்டு, மற்ற இரண்டு முனைகளையும் கவுனின் கழுத்துக்குள் செருகுவது எளிய முறை. ஓடியாடும் காட்சி இருந்தால் இது அவிழ்ந்துவிடும். மார்பில் குறுக்காகப் போட்டுப் பின்னால் கட்டும் முறையும் அன்று இருந்தது, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இந்த அளவுத் துணி முதுகுவரை எட்டாது என்பதால் முனைகளில் வெள்ளை நாடா தைத்துக் கட்டுங்கள்.

அன்றைய பெண்கள் குண்டூசிதான் குத்தினார்கள். இன்றைய ஊக்குக்குக் காப்புரிமை கிடைத்ததே 1849-இல். ஆனால் மேடையில் குண்டூசி உடம்பில் ஏறிவிடும். ஊக்கையே உள்பக்கமிருந்து, பிடரிக்குக் கீழே ஒன்றும் தோள்களில் ஒவ்வொன்றுமாகக் கவுனோடு சேர்த்துக் குத்துங்கள். மல்மல் கிழியாமல் இருக்க அந்த இடங்களில் அடியில் சின்னத் துண்டுத்துணி வைத்துத் தைத்துவிடுங்கள். ஒத்திகையிலேயே கையைத் தூக்கி, குனிந்து நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.